காற்றுக்கு ஒரு சைக்கிள், மலைக்கு ஒரு சைக்கிள்

6 ஜூலை, ஞாயிறு

கன்னையா அண்ணனின் போன் வந்தபோது அடுப்பில் மீன். "மலர், ரெண்டும் வந்திருச்சு. எப்ப வரே?" மீனை முகுந்தனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். கருக்கிவிட்டார். பரவாயில்லை, புருஷனுக்கு இன்று எல்லாம் மன்னிப்பு.

இரண்டும் அண்ணனின் சைக்கிள் கடை நடுவில் நின்றன. ஜப்பானில் ஏதோ கிளப் தன் பழைய வண்டிகளை விற்கிறதாம். கன்னையா அண்ணன் எப்படியோ பேசி கிள்ளான் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். இரண்டுமே டேண்டம். ஒன்று சாம்பல் நிறம், மெலிந்த குழாய்கள், சாதாரணச் சக்கரம். ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். தூக்க முடிந்தது! இரண்டு பேர் ஓட்டுகிற சைக்கிளை ஒரு கையால்! இன்னொன்று கறுப்பு. குழாய்கள் மீன் முதுகு மாதிரி தட்டையாக, ரிம் இரண்டும் கை அகலத்துக்கு உயரமாக. பின்சக்கரத்தில் கம்பியே இல்லை, முழுக்க மூடிய தட்டு. நிற்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கிறது. அதைத் தூக்க இரண்டு கை வேண்டும். இரண்டரை கிலோ கூட.

கடைக்கு டயர் வாங்க வந்த ஒரு அங்கிள் பின் ஹேண்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது திரும்பலையேம்மா, உடைஞ்சிருச்சா?" என்றார். திரும்பாது அங்கிள், முன்னாடி உட்கார்றவள்தான் திருப்பணும், பிரேக் போடணும், கியர் மாத்தணும், அவளுக்குப் பேரு பைலட், அது நான், பின்னாடி இருக்கிறவளுக்குக் கண் தெரியாது, அவ மிதிப்பா, மிதிச்சா நீங்க பயந்துடுவீங்க என்றேன். அங்கிள் டயரை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். ஒன்று எங்களுக்கு, மற்றது ஈப்போ ஜோடிக்கு. நாங்கள் முதலில் கேட்டோம், அதனால் நாங்கள் முதலில் எடுக்கலாம். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் சொல்ல வேண்டும். செப்டம்பரில் டெங்கிலில் தேசிய அணித் தேர்வு. ஒரே ஒரு பெண்கள் ஜோடியைத்தான் எடுப்பார்கள். அதில் நாங்கள் தோற்கடிக்க வேண்டியதும் அதே ஈப்போ ஜோடியைத்தான்! நாம் விடுகிற வண்டியில் ஏறி அவர்கள் நம்மை ஜெயித்துவிட்டால்?

என் பின்சீட்டுக்காரி ஹலீமாவுக்குப் போன் போட்டு மூச்சு விடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "எது வேகமா போகும்கா?" என்றாள்.

அதானே தெரியலை!


7 ஜூலை, திங்கள்

துறைமுக அலுவலகத்தில் ஒரு கப்பலைத் தப்பான படகுத்துறையில் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் திரையில்தான். கப்பல் இன்னும் கடலில் இருக்கிறது, நல்லவேளை.


10 ஜூலை, வியாழன்

டெங்கில் பாதையை அறிவித்துவிட்டார்கள். ஒரு ஜோடி போய் ஒரு நிமிடம் கழித்து அடுத்த ஜோடி. யார் நேரம் குறைவோ அவர்கள். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருபத்திரண்டு கிலோமீட்டர் சமதளம். கடைசி மூன்று கிலோமீட்டர் ஏற்றம்.

ஏற்றம்! பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன், சாம்பல்தான். நான் தனியாக ஓட்டின காலத்திலிருந்தே மலை ஏறுகிறவள். கெந்திங் பெராஸ் வளைவுகளில் ஒவ்வொரு கிராமையும் சபித்திருக்கிறேன். எடை என்பது என்ன என்று எனக்குத் தெரியும். காற்று காசு கேட்காது, எடை ஒவ்வொரு அடிக்கும் கேட்கும்.

ஹலீமாவிடம் சொன்னேன். "தீர்ப்பு எழுதிட்டு அப்புறம் விசாரணையா?" என்றாள். வக்கீலைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டால் இப்படித்தான்.


12 ஜூலை, சனி

சாம்பலை எடுத்துக்கொண்டு புலாவ் இண்டா போனோம். முகுந்தன் பின்னால் காரில், விளக்கைச் சிமிட்டிக்கொண்டு. தீவுக்குப் போகிற பாலம் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். எங்களுக்குக் கிடைக்கிற மலை அதுதான்.

ஏறியது! தள்ளிவிட்ட மாதிரி ஏறியது. பாலத்தின் உச்சியில் நான் கத்தினேன், ஹலீமாவும் கத்தினாள். மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தூண்டிலை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

சமதளத்தில்தான் கொஞ்சம் இடித்தது. கடல் காற்றை எதிர்த்து ஓட்டும்போது எவ்வளவு மிதித்தாலும் ஓர் அளவுக்கு மேல் போகவில்லை. "யாரோ நெஞ்சில கைய வச்சுத் தள்ற மாதிரி இருக்குக்கா" என்றாள். அவளுக்கு அந்தத் தள்ளல் பிடிக்கிறது என்பது குரலிலேயே தெரிந்தது.


13 ஜூலை, ஞாயிறு

கறுப்பு.

முதலில் நல்லதை எழுதுகிறேன். அது சைக்கிள் இல்லை. பின்சக்கரம் வ்வூம் வ்வூம் என்று ஒரு சத்தம் போடுகிறது. "இதோட குரலே வேறக்கா!" என்று ஹலீமா சிரித்துக்கொண்டே இருந்தாள். அதே சாலை, அதே காற்று, நேற்றைவிட அதிக வேகம். மீட்டரைப் பார்த்து நம்பவில்லை, மறுபடி பார்த்தேன்.

அப்புறம் அந்த லோரி. கொள்கலன் ஏற்றிய பெரிய லோரி, எதிர்ப்பக்கத்திலிருந்து. தப்பு அவன்மேல் இல்லை, அவன் பாட்டுக்குத்தான் போனான். ஆனா அவன் தாண்டினதும் காத்து வந்து முன்சக்கரத்தை அப்படியே அறைஞ்சுது. உயரமான ரிம் — கப்பல் பாய் மாதிரி. ஹேண்டில் என் கைக்குள்ளேயே இல்ல. வண்டி புல்லுப் பக்கம் போகுது, நான் இழுக்கிறேன், அந்தப் பக்கம் போகுது. பின்னாடி அவ. அவளுக்கு எதுவும் தெரியாது! என்ன வருதுன்னு அவளால பாக்க முடியாது, என்னை நம்பித்தானே உக்காந்திருக்கா. நான் விழுந்தா எனக்குத் தெரிஞ்சு விழுவேன். அவ?

விழவில்லை. நிறுத்திவிட்டேன். முகுந்தன் காரிலிருந்து ஓடி வந்தார். ஹலீமா ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு, "என்னாச்சு, லோரியா?" என்றாள். அவ்வளவுதான். "ஆமா" என்றேன். "சரி, போலாமா?" என்றாள்.

என்னால் முடியவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

சாம்பல்தான். பேச்சே இல்லை.


16 ஜூலை, புதன்

ஹலீமா மதிய இடைவேளையில் போன் செய்து வாதாடினாள். அலுவலகத்துக் கணக்காளரைப் பிடித்துக் கணக்குப் போட வைத்திருக்கிறாள்.

"அக்கா, கேளுங்க. நாம ரெண்டு பேரு, ஆனா காத்துக்கு ஒரு ஆள்தான். நான் உங்க பின்னாடி ஒளிஞ்சிருக்கேன். அதனாலதான் டேண்டம் சமதளத்துல பறக்குது. ஏத்தத்துல அப்படி ஒளிய முடியாது, ரெண்டு உடம்பையும் தூக்கியே ஆகணும். நம்ம ரெண்டு பேரு எடைக்கு முன்னாடி ரெண்டரை கிலோ எவ்ளோ? நீங்க காலையில சாப்பிடுற தோசை அளவு."

"நான் அவ்ளோ தோசை சாப்பிடுறதில்ல."

"ஏத்தத்துல கறுப்பு ஒரு பத்து வினாடி தோக்கும். சமதளத்துல இருபது ஜெயிக்கும். வழக்கு முடிஞ்சது."

"லோரி?"

"அந்த வழக்கை உங்ககிட்டதான் விடணும்" என்றாள்.

இருபதில் பத்து போனால் பத்து. பத்து வினாடிக்காக அவளை அந்தச் சக்கரத்தின் பின்னால் உட்கார வைக்கவா? எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கணக்கு சரி. அதுதான் எரிச்சல்.


20 ஜூலை, ஞாயிறு

ஐயோ இன்று!

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும். இரண்டு வண்டியிலும் நாங்கள் ஏறி, பாலத்து உச்சியிலிருந்து மிதிக்காமல் உருட்டிவிட்டு எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது முகுந்தனின் யோசனை. வேதியியல் வாத்தியார், எதையும் சோதனையாக்கிவிடுவார். சாலையோரத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். கறுப்புக்கு முன்னால் குட்டையான ரிம் மாட்டச் சொல்லிவிட்டேன், அப்போதுதான் ஏறுவேன் என்று. கன்னையா அண்ணன் கடையில் கிடந்த ஒன்றைக் கொடுத்தார்.

சாம்பல் உருண்டது, நின்றது, கோடு. கறுப்பு உருண்டது, அதைத் தாண்டி நின்றது, கோடு. மறுபடி சாம்பல், மறுபடி கறுப்பு. ஒவ்வொரு தடவையும் கறுப்பு கொஞ்சம் முன்னால். எதிர்பார்த்ததுதான்.

அப்புறம் தூறல் வந்தது. கடைசியாக ஒரு தரம் சாம்பலை உருட்டிவிட்டுப் போய்விடலாம் என்றோம். இறங்கும்போது மழை முகத்தில் ஊசி மாதிரி. ஹலீமா "யா அல்லாஹ்" என்று தலையைக் குனிந்து என் முதுகில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள்.

சாம்பல் தன் கோட்டைத் தாண்டியது. கறுப்பின் கோட்டையும் தாண்டியது. போய்க்கொண்டே இருந்தது! முகுந்தன் மழையில் சாக்பீஸைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வருகிறார். சாக்பீஸ் கரைந்துவிட்டது. கறுப்பு போன தூரத்தைவிட ஒரு கார் நிறுத்துகிற இடம், இரண்டு கார் நிறுத்துகிற இடம்... அவ்வளவு தூரம் கூட.

மூன்று பேரும் மழையில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சரி, இரண்டு பேர். "என்ன, என்ன?" என்று ஹலீமா கத்தினாள்.

அவள் தலை! இத்தனை நாளும் அவள் நிமிர்ந்து, முகத்தை என் தோளுக்கு மேலே நீட்டித்தான் ஓட்டுகிறாள். காற்று என்னைத் தாண்டி அவள்மேல் அடிக்கிறது. பைலட் குனிய முடியாது, சாலையைப் பார்க்க வேண்டும். கண் தெரிகிறவள் பின்சீட்டில் இருந்தால் அவளும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பாள். இவளுக்கு அந்தத் தேவையே இல்லை. பந்தயம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொள்ளலாம். எந்தக் குழாயும் எந்தச் சக்கரமும் கொடுக்காததை அவள் குனிந்தாலே கொடுத்துவிடுகிறது. முப்பது வினாடி? அதற்கும் மேல்?

நான் குதித்தேன். "நீ குனிஞ்சா போதும்! எந்த வண்டியா இருந்தாலும் ஜெயிச்சிடலாம்!"

அவள் குதிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.


23 ஜூலை, புதன்

வேலை முடிந்து ரயில் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். அவள் அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில் தே தாரிக் டீ. அவள் குடிக்கவில்லை, கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"மலர்க்கா, நான் எதுக்கு உங்க பின்னாடி வந்து உக்காந்தேன்னு என்னைக்காவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. எட்டு மாதமாக ஒன்றாக ஓட்டுகிறோம். பார்வையற்றோர் சங்கத்தில் பைலட் தேவை என்றார்கள், போனேன். மிதிக்கிறாள் என்று பார்த்தேன், சந்தோஷப்பட்டேன். அவ்வளவுதான்.

"பதினேழு வயசுல எனக்குக் கண் போச்சு. அதுக்கப்புறம் எங்க போனாலும் மெதுவாத்தான். குச்சியை வச்சுத் தட்டி, யார் முழங்கையாவது புடிச்சு, நின்னு நின்னு. கோர்ட்லகூட எல்லாரும் என்கிட்ட மெதுவாப் பேசுவாங்க, காது கேக்காதவகிட்ட பேசுற மாதிரி. சைக்கிள்ல மட்டும்தான் காத்து என் மூஞ்சில அடிக்குது. மூக்குல செம்பனை வாசம், கடல் வாசம், எல்லாம் வேகமா வருது. அதுக்காகத்தான் வரேன். இப்ப அதையும் விட்டுட்டு உங்க முதுகைப் பாத்து உக்காரணும். அப்ப நான் யாரு? பின்னாடி கட்டி வச்ச மூட்டை."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எதையாவது. எதையுமே சொல்லாமலாவது இருந்திருக்கலாம். என் வாய் என்ன சொல்லிச்சு தெரியுமா — "மூட்டை முப்பது வினாடி மிச்சம் பண்ணுதே." ஜோக்காம்! சிரிச்சுக்கிட்டே வேற சொன்னேன்.

அவள் குச்சியை விரித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கண் தெரியாதவர்களுக்காகத் தரையில் பதித்திருக்கிற மஞ்சள் கோட்டைத் தட்டிக்கொண்டே, வேகமாக. மெதுவாக இல்லை. தே தாரிக் அப்படியே இருந்தது.


24 ஜூலை, வியாழன்

மன்னிப்புக் கேட்டு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். கேட்டுவிட்டாள், இரண்டு நீலக் குறி இருக்கிறது. பதில் இல்லை.


26 ஜூலை, சனி

தனியாக என் பழைய சைக்கிளில் போனேன். இலேசு. பின்னால் யாரும் இல்லை. பிடிக்கவில்லை.

புலாவ் இண்டாவில் கண்ணை மூடி நாலு மிதி மிதித்துப் பார்த்தேன். நாலே நாலு. திறந்துவிட்டேன், முடியவில்லை. ஆனால் அந்த நாலு மிதியில் காற்று மட்டும்தான் இருந்தது. காதில், உதட்டில், இமையில். அவள் சொன்னது கொஞ்சம் புரிந்தது. கொஞ்சம்தான், நான் நினைத்தால் திறக்கலாமே.

வண்டி இரண்டும் ஈப்போவுக்கே போகட்டும் என்று முகுந்தனிடம் சொன்னேன். "அவ வேணாம்னு சொன்னாளா, நீயா முடிவு பண்ணிட்டியா?" என்றார்.


29 ஜூலை, செவ்வாய்

போன்! ஹலீமா!

"நிபந்தனை இருக்கு. பேனா எடுத்துக்குங்க."

எடுக்கவில்லை, எனக்குக் கை ஓடவில்லை.

மூன்று நாளாக வீட்டில் நிறுத்தி வைத்த சைக்கிளில் தலையைக் குனிந்து மிதித்துப் பார்த்திருக்கிறாள். என் முதுகுக்குப் பதிலாக ஒரு தலையணையை நாற்காலியில் கட்டிவைத்து! அவள் உம்மா கேட்டாராம், "யாரை முட்டப்போறே?"

"குனியறேன். நீங்க சொன்னதுக்காக இல்ல, எனக்கு ஜெயிக்கணும். நீங்க கேட்டதுல தப்பு இல்ல, கேட்ட விதம்தான். ஆனா சமதளத்துல மட்டும்தான். ஏத்தம் வந்தா நான் நிமிருவேன், அங்க வேகம் கம்மி, காத்து பெருசா தடுக்காது. அதோட ஏத்தத்துல தாளம் என்னோடது. நான் சொல்லாம கியரை மாத்தக் கூடாது. நீங்க எப்பவும் சீக்கிரமே மாத்திடுறீங்க, கால் வலிக்குமேன்னு பயந்து."

"சரி."

"இன்னும் முடியல. கறுப்பு வண்டிதான் வேணும்."

"ஹலீமா, அந்த லோரி..."

"அன்னைக்கு வண்டியை ஆட்டினது காத்து ஒரு தரம்தான்கா. அதுக்கப்புறம் ஆட்டினது நீங்க. ஹேண்டிலை அப்படி இறுக்கிப் புடிச்சீங்க, சீட் வரைக்கும் எனக்கு நடுங்குச்சு. நான் தலையைக் குனியறேன். நீங்க கையைத் தளர்த்துங்க. ரெண்டு பேருக்கும் பிடிக்காத ஒண்ணு. நியாயம்தானே?"

நியாயம்தான். போனை வைத்த பிறகு சமையலறையில் நின்று ஆடினேன். முகுந்தன் பார்த்துவிட்டார்.


2 ஆகஸ்ட், சனி

கறுப்பு! முன்னால் குட்டை ரிம், பின்னால் தட்டு. பந்தயத்திலும் இப்படியே ஓட்டலாமா என்று நான் கேட்டதற்கு, "பின்சக்கரம் திருப்பாதும்மா, காத்து அதை என்ன பண்ணிடும்? ஆட்டம் காட்டுறது முன்னாடிதான்" என்றார் கன்னையா அண்ணன். இத்தனை நாள் இது இல்லாவிட்டால் அது என்று இரண்டு முழு வண்டிகளை வைத்துச் சண்டை போட்டிருக்கிறேன். சோதனைக்கு மாட்டின குட்டை ரிம்மையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றவே இல்லை!

சாம்பலை எடுக்க ஈப்போவிலிருந்து அமுதவள்ளி வந்திருந்தாள். அந்த ஜோடியின் பைலட். உயரம், அமைதி. சாம்பலைத் தூக்கிப் பார்த்தாள், என்னை மாதிரியே ஒரு கையால். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "இதையா விட்டீங்க? நெஜமாவா?" என்றாள்.

அவள் போகும்வரை கறுப்பின் சீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.


10 ஆகஸ்ட், ஞாயிறு

ஹலீமா குனிகிறாள். கழுத்து பிடித்துக்கொள்கிறது, திட்டிக்கொண்டே குனிகிறாள். அவள் நெற்றி என் முதுகில் பட்டால் ஒரு வெப்பம். "உங்க மூச்சு நல்லா கேக்குதுக்கா. நீங்க களைச்சிட்டு களைக்கலன்னு சொன்னா இனிமே நடக்காது."


17 ஆகஸ்ட், ஞாயிறு

பக்கக்காற்றுப் பயிற்சி. மூன்று விரல் மட்டும் ஹேண்டிலில். ஒரு லோரி போனது. இன்னொன்று. வண்டி லேசாகச் சாய்ந்தது, தானாகவே திரும்பி வந்தது! நான் ஒன்றுமே செய்யவில்லை! பின்னாலிருந்து ஒரு குரல்: "பாத்தீங்களாக்கா?"


24 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று வேகம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. எழுத ஒன்றும் இல்லை. சும்மா சந்தோஷம்.


4 செப்டம்பர், வியாழன்

ஈப்போ ஜோடி சாம்பலில் கேமரன் மலை ஏறுகிற வீடியோவை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். முகுந்தன் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.


7 செப்டம்பர், ஞாயிறு, டெங்கில்

எழுதியே ஆக வேண்டும்.

எங்களுக்கு அடுத்து ஈப்போ, ஒரு நிமிடம் பின்னால். கணக்கு சுலபம். நாங்கள் முடித்த ஒரு நிமிடத்துக்குள் அவர்கள் வந்தால் அவர்கள். தாண்டி வந்தால் நாங்கள்.

கிளம்பினதும் வ்வூம் என்று அந்தச் சத்தம். ஹலீமா குனிந்தாள். செம்பனை இரண்டு பக்கமும் சுவர் மாதிரி, நடுவில் நாங்கள் மட்டும். நான் சாலையைச் சொல்லிக்கொண்டே போனேன்: குழி, வலது வளைவு, நேர். அவள் மிதித்துக்கொண்டே வந்தாள். மீட்டரை இரண்டு தடவைதான் பார்த்தேன். பயமாக இருந்தது, அவ்வளவு நல்ல எண்.

பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் இருக்கிற இடத்தில் மரமே இல்லை. பக்கக்காற்று இடப்பக்கத்திலிருந்து வந்து அடித்தது. கை தானாக இறுகியது. முதுகில் நெற்றியால் ஒரு முட்டு முட்டினாள். தளர்த்தினேன். சாய்ந்தது, நிமிர்ந்தது, போனது.

ஏற்றத்தின் அடியில் அவள் நிமிர்ந்தாள். வண்டி கனத்தது. எனக்கு அந்த இரண்டரை கிலோவும் தெரிந்தது, ஒவ்வொரு கிராமும் தெரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். விரல் கியர் பக்கம் போனது.

"வேணாம்!"

"முடியலை."

"முடியும். இன்னும் பத்து மிதி. எண்ணாதீங்க, என் காலைக் கேளுங்க."

அவள் கால் சொன்னபடி மிதித்தேன். "இப்ப!" என்றாள். மாற்றினேன். வளைவில் கீழே பார்த்தபோது சாம்பல் தெரிந்தது. அழகாக ஏறிக்கொண்டிருந்தார்கள், ஆடாமல், அசையாமல். நெருங்கிக்கொண்டே வந்தார்கள். "வந்துட்டாங்களா?" "வராங்க." "எவ்ளோ?" "பேசாதே, மிதி!" அவள் சிரித்தாள். ஏற்றத்தின் நடுவில், மூச்சு விட முடியாத இடத்தில், அந்தப் பைத்தியம் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கடைசி வளைவைத் தாண்டினோம்.

கோட்டைத் தாண்டி வண்டியோடு புல்லில் சாய்ந்தோம். முகுந்தன் ஸ்டாப்வாட்சைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஹலீமா பொத்தவில்லை, சாலைப் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "செயின் சத்தம் வருது" என்றாள். "இன்னும் வளைவுக்கு அந்தப் பக்கம்தான்... சத்தம் மாறுது, இப்ப எழுந்து மிதிக்கிறாங்க..."

"அறுபது" என்றார் முகுந்தன்.

கோட்டில் யாரும் இல்லை.

அறுபத்தாறில் வந்தார்கள்.

ஹலீமா என்னைக் கட்டிப்பிடிக்க வந்து முகுந்தனைக் கட்டிப்பிடித்துவிட்டாள், "அலமாக்" என்று விட்டுவிட்டு என்னைத் தேடிப் பிடித்தாள். மூன்று பேரும் அழுதோமா சிரித்தோமா தெரியாது. அமுதவள்ளி வந்து கையைக் குலுக்கினாள். "வளைவுல உங்களைப் பாத்தப்போ புடிச்சிட்டேன்னுதான் நெனச்சேன். ஏத்தம் இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்திருந்தா..." என்றாள். உண்மைதான். இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்திருந்தால் இது வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

பெயரை உடனே அறிவிக்க மாட்டார்களாம். மருத்துவச் சோதனை, குழுக் கூட்டம், அது இது. இருக்கட்டும்.


8 செப்டம்பர், திங்கள்

படியில் இறங்க முடியவில்லை. பின்பக்கமாக இறங்கினேன்.


14 நவம்பர், வெள்ளி

பேங்காக் பந்தயத்துக்கு நாங்கள்தான் அணி! விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் வைத்தால் வரம்பைத் தாண்டிக் காட்டுகிறது! பெட்டியில் டேண்டம் மட்டும்தான் இருக்க வேண்டும். திறந்தால் ஹலீமாவின் உம்மா அனுப்பிய அச்சு முறுக்கு டின், என் பம்ப், கன்னையா அண்ணன் திணித்த டயர்கள், முகுந்தன் எனக்குத் தெரியாமல் வைத்த மீ நூடுல்ஸ் பாக்கெட்டுகள். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். வரிசையில் நின்ற எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

"எடைதான் முக்கியம்னு நான் அப்பவே சொன்னேன்" என்றேன்.

"மேல்முறையீடு ஏற்கப்பட்டது" என்றாள் ஹலீமா, அணி ஜாக்கெட் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு. பேங்காக்கில் அவிந்துவிடுவாள்.

பெட்டி உள்ளே போனது. கவுன்டர் பெண் அவள் குச்சியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்து, "ஒரு ஜன்னல் சீட், ஒரு நடு சீட் இருக்கு. உங்களுக்கு ஜன்னல் போடட்டுமா?" என்றாள்.

"எனக்குப் போடுங்க" என்றாள் ஹலீமா. "சாஞ்சு தூங்கணும். இவங்க நடுவுல இருக்கட்டும்."

நடு சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் தூங்க வந்தவள் தூங்கவில்லை. கன்னத்தை ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, "இப்ப கிளம்புது, இப்ப கிளம்புது" என்று என் கையைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறாள்.